கூரையில் பாதி கண்ணாடி: ஒரு காருக்கு வி.எச்.எஃப். ஆன்டெனா தேர்ந்த கதை

"காலையில போறப்ப ரிப்பீட்டர் நல்லாக் கிடைக்குது, அண்ணா. சாயங்காலம் அதே ரோட்டுல திரும்பி வர்றப்ப கிடைக்க மாட்டேங்குது."

பாதி விடை நண்பரின் இந்தப் பேச்சிலேயே இருந்தது. எனக்குத்தான் அப்போது உறைக்கவில்லை. மாலையில் அலைவரிசையில் நெரிசலோ, பக்கத்தில் வேறு யாராவது பேசுகிறார்களோ என்று ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தேன்.

நண்பர் சமீபத்தில்தான் ஹாம், அதாவது அமெச்சூர் வானொலி, உரிமம் வாங்கியவர். ரிப்பீட்டர் என்பது உயரத்தில் நின்று, இவர்களின் குரலை வாங்கி வலுவாக மறுபடி அனுப்பும் நிலையம். காரில் 50 வாட் எஃப்.எம். மொபைல் ரேடியோ வைத்திருந்தார். பயன்படுத்துவது வி.எச்.எஃப். என்னும் மிக உயர் அதிர்வெண் பகுதியில் உள்ள 2 மீட்டர் பட்டை. 144 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 146 வரை. ரேடியோவின் உடல் டிக்கிக்குள், முகப்பு மட்டும் டாஷ்போர்டில். ஆன்டெனா, எட்டில் ஐந்து அலைநீள விப். பழைய எண்சுவடிக் கணக்கில் சொன்னால் 'அரையே அரைக்கால்'. 145 மெகாஹெர்ட்ஸில் ஒரு முழு அலை 2.07 மீட்டர் வரும். அதில் அரையே அரைக்கால் ஏறக்குறைய 1.29 மீட்டர். அவ்வளவு நீளக் கம்பி, டிக்கி மூடியின் வலது மூலையைக் கவ்விய ஒரு பிடிமானத்தில் நின்றது. பார்க்க மிடுக்காகத்தான் இருந்தது.

அதை வாங்கிய காரணம், சக்தியை எவ்வளவு குவித்து வீசும் என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருந்த டெசிபல் எண். கடையில் இருந்தவற்றில் அதுதான் பெரிய எண்ணாம். எதோடு ஒப்பிட்டு அத்தனை டெசிபல் என்று பெட்டியில் எங்கும் இல்லை. எல்லாத் திசையிலும் சமமாக வீசும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்டால் ஓர் எண் வரும். டைபோல் என்னும் எளிய அரை அலை ஆன்டெனாவோடு ஒப்பிட்டால் அதைவிட 2.15 குறைந்த எண் வரும். ஆன்டெனா என்னவோ ஒன்றேதான். எதோடு ஒப்பிட்டது என்று சொல்லாத டெசிபல் எண்ணை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த ஆன்டெனாவை வாங்கிய அன்றே அவர் அதைத் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறார். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது நடு ஊசிக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே ஷார்ட் காட்டியதாம். அது பழுதில்லை. இந்த வகை விப்பின் அடியில் ஒரு சிறு கம்பிச்சுருள் இருக்கும். பல தயாரிப்புகளில் அதன் ஒரு முனை வெளிக்கூட்டோடு சேர்ந்திருக்கும். நேர்மின்னோட்டத்துக்கு அது வெறும் கம்பி, 145 மெகாஹெர்ட்ஸுக்கு அது பொருத்துச் சுற்று. கால் அலை விப்பை இதே மாதிரி அளந்தால் திறந்த சுற்றாகத்தான் காட்டும். மல்டிமீட்டரை மட்டும் நம்பி ஆன்டெனாவை நல்லது கெட்டது என்று பிரிக்க முடியாது.

மீட்டர் காட்டியதும் மறைத்ததும்

முதலில் மின்சாரத்தைப் பார்த்தோம். முழுத்திறனில் ரேடியோ 11 ஆம்பியர் அளவுக்கு இழுத்தது. பேட்டரியிலிருந்து டிக்கி வரை போய்த் திரும்ப 10 மீட்டர், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு. கணக்குப்படி அரை வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக விழ வேண்டும், அளந்ததும் அப்படியே வந்தது. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருந்தது. குறை அங்கே இல்லை.

அடுத்து எஸ்.டபிள்யூ.ஆர். அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண் அது; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. ரேடியோவின் வாயிலில் 1.6 காட்டியது. "ரெண்டுக்குக் கீழதானே, பரவாயில்லல்ல?" என்றார். கேபிளைத் தொட்டுப் பார்த்தேன். மூன்று மில்லிமீட்டர் கூட இல்லாத மெல்லிய கோஆக்ஸ் (நடுவில் கம்பி, சுற்றிலும் உலோகப் பின்னல்), ஆர்.ஜி.-174 வகை, 5 மீட்டர் நீளம். இந்த அதிர்வெண்ணில் அது மீட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு டெசிபலைத் தின்னும். ஐந்து மீட்டருக்கு 1.7 டெசிபல் போய்விடும். 50 வாட் அனுப்பினால் ஆன்டெனாவின் காலடிக்குச் சேர்வது 34 வாட்.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. ஆன்டெனாவில் பட்டுத் திரும்பும் சக்தியும் அதே கேபிள் வழியாகத்தான் வர வேண்டும். வரும் வழியில் அதுவும் தேயும். மீட்டருக்குக் கொஞ்சமாகத் திரும்பியதுபோல் தெரியும். அந்த இழப்பைச் சேர்த்துக் கணக்கிட்டால், இங்கே 1.6 என்று காட்டியது ஆன்டெனாவின் அடியில் 2. கேபிள் எவ்வளவு மோசமோ அவ்வளவு அழகான எண் கிடைக்கும். போதிய நீளத்துக்கு மட்டமான கேபிள் இருந்தால் மறுமுனையில் ஆன்டெனாவே இல்லாவிட்டாலும் மீட்டர் திருப்திப்படும்.

இதைவிட முக்கியமான தடயம் தற்செயலாகக் கிடைத்தது. அளந்துகொண்டிருக்கும்போது நண்பர் கேபிளை ஓரமாக ஒதுக்கினார், முள் நகர்ந்தது. டிக்கி மூடியைத் தூக்கினார், மறுபடி நகர்ந்தது. ஆன்டெனாவுக்குச் சரியான தரை, அதாவது கம்பிக்கு மறுபாதியாக இருக்க வேண்டிய உலோகப் பரப்பு, கிடைக்கவில்லை, அதனால் கேபிளின் வெளிப்பின்னலையே தரையாக எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். கேபிளும் ஆன்டெனாவின் ஓர் அங்கமாகிவிட்டால், அதைத் தொட்டால் எண் மாறத்தானே செய்யும்.

பிடிமானத்தைக் கழற்றிப் பார்த்தோம். வண்டியின் தகட்டைக் கடித்துப் பிடிக்க வேண்டிய இரண்டு சிறு திருகுகளும் பெயிண்டின்மேல் நாசூக்காக உட்கார்ந்திருந்தன. கீறல் விழக் கூடாதென்று நண்பர் மெதுவாக முடுக்கியிருக்கிறார். மல்டிமீட்டருக்கு இந்த இடத்தில்தான் உண்மையான வேலை: பிடிமானத்துக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே தொடர்பே இல்லை. டிக்கி மூடியும் கிரீஸ் தடவிய கீல்கள் வழியாகத்தான் உடலோடு சேர்ந்திருந்தது. கண்ணில் படாத உட்பக்கத்தில் பெயிண்டைச் சுரண்டி, திருகை அழுத்தி முடுக்கி, கீலின் குறுக்கே ஒரு செம்புப் பின்னல் பட்டையைப் போட்டோம். கேபிளையும் ஆர்.ஜி.-58 ஆக மாற்றினோம். எஸ்.டபிள்யூ.ஆர். 1.2க்கு இறங்கியது. கேபிளை எப்படி உலுக்கினாலும் முள் அசையவில்லை. வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாலை நண்பரிடமிருந்து அழைப்பு. கைபேசியில்தான். ரிப்பீட்டர் முன்பைவிடக் கொஞ்சம் தேவலை, ஆனால் திரும்பி வரும்போது இன்னும் அறுந்து அறுந்துதான் போகிறது.

அப்போதுதான் அவர் முதல் நாள் சொன்னது உறைத்தது. அதே சாலை, அதே ரிப்பீட்டர், அதே தொலைவு. மாறியது வண்டியின் முகம் ஒன்றுதான். காலையில் ரிப்பீட்டர் நிற்கும் குன்று அவருக்கு இடது முன்பக்கம். மாலையில் வலது பின்பக்கம். ஆன்டெனா நிற்பது வலது பின்மூலை. அதன் காலடியிலிருந்து தகடு பரந்திருப்பது முழுக்க இடது முன்பக்கமாக. மொபைல் ஆன்டெனா பொதுவாகத் தகடு அதிகமிருக்கும் பக்கமாகவே சாய்ந்து வீசும். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டருக்கு இதைப் பற்றி எதுவும் தெரியாது. எவ்வளவு சக்தி திரும்பி வந்தது என்பது மட்டும்தான் அதன் கணக்கு. போன சக்தி எந்தத் திசையில் போனது என்று அது கேட்பதில்லை. ஆன்டெனாவுக்குப் பதில், சக்தியை வெறும் சூடாக்கிவிடும் ஒரு டம்மி லோடைச் செருகினால் 1.0 என்று சான்றிதழே கொடுக்கும்.

கூரைக்குப் போவது என்று முடிவானபின்

கால் அலை விப்புக்கு அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் கால் அலை தூரத்துக்கு, அதாவது அரை மீட்டருக்கு, தகடு இருந்தால் நல்லது. சாதாரண எஃகுக் கூரையின் நடுவில் அது கிடைக்கும். ஆனால் இந்த வண்டியில் கூரையின் முன்பாதி சன்ரூஃப். மிஞ்சிய எஃகு, முன்பின்னாக 70 சென்டிமீட்டர், குறுக்காக 1.1 மீட்டர். அதன் நடுவில் வைத்தால் பக்கவாட்டில் 55, முன்னும் பின்னும் 35 சென்டிமீட்டர். முழு மதிப்பெண் கிடையாது என்றாலும் மூலையோடு ஒப்பிட்டால் சமச்சீர்.

துளை போட்டு என்.எம்.ஓ. மவுண்ட் பொருத்துவதே தொழில்முறையில் சிறந்தது. முக்கால் அங்குலத் துளை, நேரடியான தரை, கேபிள் முழுவதும் உள்ளே. என் வண்டியில் அப்படித்தான் செய்திருக்கிறேன். இதில் செய்யவில்லை, நண்பர் தயங்கியது மட்டும் காரணமில்லை. சன்ரூஃப் கண்ணாடி பின்னால் நகரும்போது கூரைத் தகட்டுக்கும் உள்துணிக்கும் நடுவே போய் ஒளியும் வகை இது. நாங்கள் துளை போட நினைத்த இடத்துக்கு நேர் கீழேதான் அந்தக் கண்ணாடி வந்து நிற்கும். அதன் நீர்வடிகுழாய்களும் அந்தப் பக்கமே ஓடுகின்றன. பக்கவாட்டு ஏர்பேக் கூரை ஓரத்தில் சுருண்டு கிடக்கிறது. உள்துணியை இறக்கிப் பார்க்காமல் துளைப்பான் எடுப்பவர் துணிச்சல்காரர். நான் அவ்வளவு துணிச்சல்காரன் இல்லை.

ஆகவே மேக்னட் மவுண்ட். இதைத் தற்காலிக ஏற்பாடு என்று இளக்காரமாகப் பேசுபவர்கள் உண்டு. பெயிண்ட் நடுவில் இருக்க, தரை எப்படிக் கிடைக்கும் என்பது அவர்கள் கேள்வி. காந்தத்தின் அடித்தகடும் கூரையும் சேர்ந்து ஒரு கெபாசிட்டர்; உயர் அதிர்வெண் மின்னோட்டம் பெயிண்டைத் தாண்டி அதன் வழியே போய்விடும். 9 சென்டிமீட்டர் விட்டமுள்ள காந்தம், நடுவில் பெயிண்டும் பாதுகாப்புத் தாளுமாக அரை மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால் 300 பிகோஃபேரட்டுக்கு மேல் வருகிறது. 145 மெகாஹெர்ட்ஸில் அதன் மறிப்பு மூன்று, நான்கு ஓம். 50 ஓம் அமைப்பில் அது பொருட்டே இல்லை. அதே காந்தத்தை 27 மெகாஹெர்ட்ஸில் பயன்படுத்தினால் மறிப்பு ஐந்து மடங்குக்கு மேல் ஆகும். அங்கே அந்த இளக்காரத்துக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு.

கூரைக்குப் போனதில் உடம்புக்கும் நல்லது. பொதுமக்களுக்கான கதிர்வீச்சு வரம்பாக இந்த அதிர்வெண்ணில் பரவலாகப் பின்பற்றப்படுவது சதுர மீட்டருக்கு 2 வாட். 50 வாட், டைபோல் அளவு ஆதாயம், பேசும் நேரம் பாதி என்று வைத்தால் 1.3 மீட்டர் விலகி நிற்க வேண்டியிருக்கிறது. டிக்கி மூலையில் நிற்கும் கம்பி, வண்டியின் பின்னால் சாமான் எடுப்பவரின் முகத்துக்கு நேரே இருந்தது. கூரை மையத்தில் வைத்தால் உள்ளே இருப்பவர்களுக்குத் தகடே கவசம். சன்ரூஃப் பக்கம் அந்தக் கவசம் இல்லை என்பதால், முன் இருக்கையில் ஆள் இருக்கும்போது நெடுநேரம் பேசுவதென்றால் திறனை 10 வாட்டுக்குக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன்.

எந்தக் கம்பி

இருந்த எட்டில் ஐந்து விப்பையே காந்தத்தில் ஏற்றலாம் என்பது நண்பரின் ஆசை. ஏட்டில் அதற்கு ஆதாரம் உண்டு. எல்லையில்லாத, குறையில்லாத தரைமேல் கால் அலை 5.15 டெசிபல், எட்டில் ஐந்து ஏறக்குறைய 8.2, இரண்டும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்டு. அந்த 3 டெசிபல்தான் விற்பனையாகும் சரக்கு. காரின் கூரை எல்லையில்லாததா? அகலம் ஓர் அலைநீளம் கூட இல்லை. இவ்வளவு சிறிய தரைமேல் இரண்டு ஆன்டெனாவின் கதிரும் வானம் பார்த்து நிமிர்ந்துகொள்ளும். அடிவானத் திசையில் கிடைக்க வேண்டிய 3 டெசிபலில் பெரும்பங்கு கரைந்துவிடும்.

அரை அலை விப்பையும் யோசித்தோம். ஒரு மீட்டர் நீளம். அடியில் மின்தடை மிக உயர்வு, மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் தரை அவ்வளவாகத் தேவையில்லை. கூரை முழுக்கக் கண்ணாடியாகவோ காந்தம் ஒட்டாத அலுமினியமாகவோ ஃபைபராகவோ இருந்திருந்தால், பின்பக்கத் தாங்கியில் இதைத்தான் நிறுத்தியிருப்பேன். நமக்கு இருந்த 70 சென்டிமீட்டர் எஃகு அந்தக் கட்டாயத்தை நீக்கியது. ரப்பர் சுருள் குட்டை ஆன்டெனாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நகரத்துக்குள் ரிப்பீட்டர் நிழலிலேயே சுற்றுபவருக்குப் போதும்.

யோசனையை அதோடு நிறுத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வெட்டவெளியில் ஒப்பிட்டுப் பார்த்தோம். 12 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஹாம் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தார். எஃப்.எம். ரேடியோவின் சிக்னல் பட்டைகளை நான் நம்புவதில்லை. இரண்டு பட்டைக்கும் ஏழு பட்டைக்கும் நடுவே சில டெசிபல்தான் இருக்கும். அவர் தன் ரிசீவருக்கு முன்னால் படிப்படியாகக் கூட்டும் அட்டெனுவேட்டரை வைத்துக்கொண்டார். குரலில் இரைச்சல் ஏறத் தொடங்கும்வரை தணிப்பைக் கூட்டி, அந்த எண்ணைச் சொல்வது அவர் வேலை. எங்கள் வேலை வண்டியை எட்டுத் திசைக்கும் திருப்பி நிறுத்துவது. ஒவ்வொரு திசையிலும் அரை மீட்டர் அரை மீட்டராக நகர்த்தி மூன்று முறை எடுத்தோம். கட்டடம், குன்று என்று மோதி வரும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் பள்ளங்கள் ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளியில் கிடக்கும். ஒரே இடத்தில் அளந்தால் ஆன்டெனாவை அளக்கிறோமா பள்ளத்தை அளக்கிறோமா என்று தெரியாது. போகிற வண்டியில் குரல் படபடப்பதும் இந்தப் பள்ளங்களால்தான்.

கூரை மையத்தில் கால் அலைக்கும் எட்டில் ஐந்துக்கும் வித்தியாசம் ஒரு டெசிபல் படிக்குள் அடங்கியது. மூன்று முறை எடுத்த அளவுகளுக்குள்ளேயே அதைவிட அதிக ஏற்றத்தாழ்வு இருந்ததால், எது வென்றது என்று என்னால் சொல்ல முடியாது. எட்டில் ஐந்தைப் பழைய டிக்கி மூலைக்குக் கொண்டுபோனபோது கதை மாறியது. வலது பின்பக்கத் திசையில் மட்டும், கூரையில் நின்ற வெறும் கால் அலைக் கம்பியைவிட அது பல படிகள் கீழே போனது. நண்பர் தாளில் எண்களை எழுதிக்கொண்டே வந்தவர், அந்தத் திசை வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார். மாலை நேரத்துச் சாலை அந்தத் தாளில் வந்துவிட்டது.

மீதியை உயரம் முடிவு செய்தது. வண்டி 1.5 மீட்டர். அதன்மேல் 1.29 ஏறினால் 2.8, தினம் நுழையும் அடித்தளப் பார்க்கிங் ஒவ்வொன்றிலும் கம்பியைக் கழற்ற வேண்டும். கால் அலை ஏறினால் 2 மீட்டர். அதற்கும் உரசுகிற இடங்கள் உண்டு, வளையும் கம்பிதானே, தாங்கும். வேகத்தில் நீளக் கம்பி காற்றில் பின்னுக்குச் சாய்ந்து காந்தத்தை நெம்பும். குட்டைக் கம்பிக்கு அந்தத் தொல்லை குறைவு. பின்னாளில் 435 மெகாஹெர்ட்ஸிலும் பேச ஆசை வந்தால், இதே கம்பி அங்கே முக்கால் அலையாக வேலை செய்யும். எஸ்.டபிள்யூ.ஆர். ஒத்துவரும், ஆனால் சக்தியில் கணிசமான பங்கு மேல்நோக்கிப் போய்விடும். அது முழுத் தீர்வு இல்லை என்று சொல்லிவைத்தேன்.

வெட்டுதல்

விப் 51 சென்டிமீட்டரில் வந்தது. முதல் அளவில் எஸ்.டபிள்யூ.ஆர். மிகக் குறைந்த இடம் 140 மெகாஹெர்ட்ஸ். அதாவது கம்பி நீளம் அதிகம். 51ஐ 140ஆல் பெருக்கி 145ஆல் வகுத்தால் 49.2. நேராக அங்கே வெட்டாமல் 49.8இல் நிறுத்தி, பிறகு இரண்டு இரண்டு மில்லிமீட்டராகக் குறைத்தோம். இந்த நீளத்தில் மூன்றரை மில்லிமீட்டர் போனால் ஒரு மெகாஹெர்ட்ஸ் ஏறும். நுனியில் மாட்டும் சிறு குமிழையும் போட்டுக்கொண்டுதான் அளக்க வேண்டும், அதுவும் அதிர்வெண்ணைக் கொஞ்சம் இழுக்கும். கதவு, டிக்கி, சன்ரூஃப் எல்லாம் மூடியிருக்க வேண்டும். கம்பிக்குப் பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது.

நடுவில் 1.3, பட்டையின் இரண்டு ஓரத்திலும் 1.5க்குள் வந்ததும் கத்தரியை உள்ளே வைக்கச் சொன்னேன். நண்பருக்கு மனமில்லை; முன்பு 1.2 இருந்ததே என்றார். நல்ல தரைமேல் கால் அலையின் மின்தடை இயல்பிலேயே 36 ஓம் பக்கம்தான். 50 ஓம் கேபிளோடு அது சேர்ந்தால் 1.4 வருவது நியாயம். 1.5 என்றால் திரும்புவது நூற்றுக்கு நான்கு பங்கு. அந்த நான்கைத் துரத்திக்கொண்டு கம்பியை வெட்டி வெட்டிக் குட்டையாக்கியவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பட்டியலில் நானும் உண்டு.

கேபிள் 4 மீட்டர் ஆர்.ஜி.-58, இழப்பு 0.8 டெசிபல். கதவு வழியாக விட்டால் ஒவ்வொரு முறையும் நசுங்கும் என்பதால் டிக்கி மூடியின் ரப்பர் வழியாக இறக்கினோம். ரப்பருக்கு வெளியே கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டு வளைத்ததால் மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடுகிறது. உள்ளே வழிந்து ரேடியோமேல் இறங்காது.

மாலைப் பயணத்தில் ரிப்பீட்டர் இப்போது கிடைக்கிறது. ஆனால் கூரைக்கு வந்ததும் புதிதாக ஓர் இரைச்சல் முளைத்தது. ஆளில்லாத அலைவரிசையிலும், சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைத்துவைக்கும் ஸ்கெல்ச் அடிக்கடி திறந்துகொண்டது. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில் டாஷ்கேமுக்கு மின்சாரம் தரும் சார்ஜர் அகப்பட்டது. மூலையில் இருந்தவரை ஆன்டெனாவுக்கு அது தூரம். இப்போது சன்ரூஃப் கண்ணாடி வழியாக நேரே பார்க்கிறது. ஃபெரைட் வளையம் கொஞ்சம் குறைத்தது. சார்ஜரை மாற்றியதும் அடங்கியது.

மூன்று வாரம் கழித்துக் காந்தத்தை எடுத்துப் பார்த்தபோது அடியில் மண்துகள் வளையமாகப் படிந்து, பெயிண்டில் மெல்லிய கீறல்கள் விழுந்திருந்தன. இப்போதெல்லாம் வண்டி கழுவும்போது காந்தத்தையும் தூக்கி, இரண்டு பரப்பையும் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்தபின் வைக்கிறார். பக்கவாட்டில் இழுக்காமல் ஒரு விளிம்பை நெம்பித்தான் தூக்க வேண்டும். இழுத்தால் இன்னொரு கீறல்.